ராமநாதபுரத்திலிருந்து ஒரு கலைப் பத்தி

பழைய கச்சேரி அழைப்பிதழ்களையும் இசைத்தட்டு உறைகளையும் புரட்டுகிறவர் கண்ணில் ராமநாதபுரம் அடிக்கடி படும். ராமநாதபுரம் சீனிவாச ஐயங்கார், ராமநாதபுரம் சங்கரசிவம், ராமநாதபுரம் முருகபூபதி, ராம்நாட் கிருஷ்ணன், ராம்நாட் ராகவன். தண்ணியில்லாக் காடு என்று அரசு ஊழியர்கள் மாற்றலுக்கு அஞ்சிய சீமைக்கு இத்தனை வித்வான்களா என்று தோன்றும். ஆனால் அதே ஊர்ப்பெயரைத் தலைப்பில் தாங்கி ஒரு கச்சேரி விமர்சனமோ நாட்டிய விமர்சனமோ பத்திரிகையில் வந்திருக்கிறதா என்று தேடினால் கை சோர்ந்துபோகும். பஞ்சம், புயல், தேர்தல், மீனவர் கைது ஆகியவற்றுக்கு ராமநாதபுரத்திலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் செய்தி போயிருக்கிறது. பாட்டுக்கும் கூத்துக்கும் போனது அபூர்வம்.

ஒரு நகரத்தின் இசை, சினிமா, நடனம் மூன்றையும் தொடர்ந்து பார்த்து எழுதிப் பிழைக்கும் சுதந்திரப் பத்திரிகையாளர் என்ற ஆள், சென்னையிலும் தில்லியிலும் கொழும்பிலும் உருவானார். சேதுக்கரையில் உருவாகவில்லை. அங்கே கலை குறைவு என்பது இதற்குக் காரணமில்லை. ரசிகர் குறைவு என்பதும் இல்லை. விமர்சனம் எழுதப்படுவதற்கு வேண்டிய பொருளாதாரம் அங்கே வேறு வடிவத்தில் இருந்தது என்பதே என் கணிப்பு.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனையிலிருந்து தொடங்கலாம். கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த ராமலிங்க விலாசத்தின் சுவர்களில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. ராமாயணம், பாகவதம், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், அரசரைக் காண வந்த ஐரோப்பியர், ஆடல் பாடல் என்று சுவர் நிறையக் காட்சிகள். பல காட்சிகளுக்குத் தமிழில் விளக்க வரியும் உண்டு. படமும் குறிப்புமாக இருப்பதால் இதை அந்தச் சீமையின் முதல் கலைச் செய்தி என்று சொல்ல ஆசை வருகிறது. ஆனால் எழுதச் சொன்னவரும் பார்த்தவரும் படத்தில் நடுவே வீற்றிருப்பவரும் ஒரே ஆள். ஆடியவள் சரியாக ஆடினாளா என்று அந்தச் சுவர் ஒருநாளும் சொல்லாது.

சமஸ்தானத்தில் விமர்சனம் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. அது சன்மானமாக நடந்தது. சால்வையா, தோடாவா, மானியமா, அடுத்த நவராத்திரிக்கும் அழைப்பா என்பதில் வித்வானின் தரம் குறிக்கப்பட்டது. பாஸ்கர சேதுபதி (1868–1903) காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. அள்ளிக் கொடுத்தே கடனில் மூழ்கிய ஜமீன்தார் அவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடரான ‘பூச்சி’ சீனிவாச ஐயங்கார் (1860–1919) ராமநாதபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தார். அவர் பாட்டு எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் சீடர்களின் நினைவும், அவர் இயற்றிய உருப்படிகளும், ஒன்றிரண்டு கதைகளும்தான் மிஞ்சின. அன்றைக்கு மறுநாள் காலை உட்கார்ந்து எழுதியவர் யாருமில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்து, மறு ஆண்டு சமஸ்தானம் அரசின் கைக்குப் போனபோது அந்தச் சன்மானக் கணக்கும் முடிந்தது. அந்த இடத்துக்குப் பத்திரிகை வந்து சேரவில்லை.

பூச்சி ஐயங்காரின் சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) கதையில் சமஸ்தானத்திலிருந்து சபாவுக்கு மாறிய திருப்பம் தெளிவாகத் தெரிகிறது. வர்ணத்தில் தொடங்கி, அளவான ஆலாபனையோடு பல கீர்த்தனைகளைப் பாடி, ராகம் தானம் பல்லவி கடந்து துக்கடாக்களில் முடியும் இன்றைய கச்சேரி முறைக்கு அவர்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். சமஸ்தானத்தில் ஒரு ராகத்தை ஒரு மாலை முழுதும் பாடலாம். கேட்பவர் ஒருவர், அவருக்கு அவசரமில்லை. டிக்கெட் வாங்கி வந்து, கடைசி டிராமுக்குள் வீடு திரும்ப வேண்டிய சென்னை ரசிகருக்கு இரண்டரை மணி நேரத்தில் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டியிருந்தது. அரியக்குடியின் பத்ததி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. சென்னையில் 1928இல் மியூசிக் அகாடமி அமைந்தது. 1938இல் அதே அகாடமியில் அவர் சங்கீத கலாநிதி ஆனார்.

டிக்கெட் விற்கும் சபா வந்ததும் விமர்சகரும் வந்தார். காசு கொடுத்துக் கேட்டவருக்குத் தன் காசு வீணானதா என்று தெரிந்துகொள்ள ஆவல். வராதவருக்கு அடுத்த வாரம் போகலாமா என்று அறிய ஆவல். ஆனந்த விகடனில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் எழுதிய ‘ஆடல் பாடல்’ இந்த ஆவலின் மேல் நின்ற பத்தி. சங்கீதம், நாட்டியம், நாடகம், சினிமா எல்லாவற்றையும் ஒரே ஆள், ஒரே கிண்டலோடு பார்த்தார். இன்று நாம் கலைப் பத்திரிகையாளர் என்று சொல்லும் ஆளுக்குத் தமிழில் முதல் முழு உருவம் அவர்தான். ஆனால் கல்கி தனி ஆளாக எழுதிப் பிழைத்தவரல்லர். ஆசிரியர் குழுவில் சம்பளத்தில் இருந்தார். தில்லியிலிருந்து ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதிப் பாடகர்களை நடுங்க வைத்த சுப்புடு (1917–2007) மத்திய நிதி அமைச்சகத்தில் வேலை பார்த்தவர். பேனாவின் கூர்மைக்குப் பின்னால் மாதம் முதல் தேதி வரும் சம்பளம் இருந்தது என்பதை விமர்சனச் சரித்திரம் எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். கலையை எழுதியே சாப்பிட்டவர்கள் தமிழில் மிகச் சிலர்.

ராமநாதபுரத்தில் டிக்கெட் சபா வேரூன்றவில்லை. திருவிழாக் கச்சேரி இலவசம். கல்யாணக் கச்சேரி அழைப்பின் பேரில். இரண்டிலும் மறுநாள் விமர்சனத்தை எதிர்பார்க்கும் ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் பாட்டைக் குறை சொன்னால் சம்பந்திச் சண்டைதான் வரும். ஆகவே வித்வான்கள் ரயிலேறினார்கள். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் சீடரான சங்கரசிவத்திடம் பயின்ற மதுரை சேஷகோபாலன் சென்னையில் பெயர் பெற்றார். சங்கரசிவத்தின் தம்பி முருகபூபதி, பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரோடு மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவராக எண்ணப்பட்டார். எண்ணியது சென்னை.

ராம்நாட் கிருஷ்ணன் (1918–1973) விஷயம் இன்னும் விசித்திரமானது. ஆலப்புழையில் பிறந்து ராமநாதபுரத்தில் வளர்ந்தவர். வித்வான்களின் வித்வான் என்று சொல்லப்பட்டவர். அதாவது கூட்டம் சேராத பெரிய பாடகர். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். நன்சச் நிறுவனம் அவர் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. பின்னால் அவர் தம்பி ராகவனும் அதே பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். ராம்நாட் என்பது என்ன ஊர், அங்கே யார் ஆண்டார்கள் என்று தெரிந்துகொள்ளும் அவசியம் கனெக்டிகட் மாநிலத்து மாணவருக்கு ஏற்பட்டது. பட்டணம்காத்தானிலோ கேணிக்கரையிலோ இருந்த இளைஞருக்கு, தன் தெருவைக் கடந்துபோனவர் எப்படிப் பாடினார் என்று சொல்ல ஒரு பத்தி இல்லை.

சினிமாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதைப் பலர் எழுதிவிட்டார்கள். 1910இல் உருவாகி 1985இல் மூன்றாகப் பிரியும் வரை ராமநாதபுரம் மாவட்டம் என்றால் காரைக்குடியும் விருதுநகரும் அதற்குள் அடக்கம். அந்தக் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி. மெய்யப்பன் கொட்டகை போட்டு எடுத்த ‘நாம் இருவர்’ 1947 பொங்கலுக்கு வந்தது. டி.கே. பட்டம்மாள் பாரதி பாட்டைப் பாட, குமாரி கமலா ஆடினார். சங்கீதம், நடனம், சினிமா மூன்றும் ஒரே கொட்டகையில் கூடிய இடம். கலை நிருபர் ஒருவருக்கு இதைவிட நல்ல பணியிடம் அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் இருந்திருக்காது. ஓரிரு ஆண்டில் ஸ்டூடியோவே கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. பரமக்குடியில் 1954இல் பிறந்த கமல்ஹாசனும் அதே ஏவிஎம்மின் ‘களத்தூர் கண்ணம்மா’வில் 1960இல் அறிமுகமானபோது, மாவட்டத்துக்காரர் மாவட்டத்துக்காரரின் படத்தில் சென்னையில் நடித்தார்.

சென்னைப் பத்திரிகை எட்டாத கரைக்கு வேறொரு திசையிலிருந்து ரசனை வந்தது. அது கொழும்பு. பாம்பன் பாலம் 1914இல் திறந்தபின் போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். நாகஸ்வரக்காரர்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்கு இந்த வழியாகத்தான் போனார்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் இந்தக் கரையில் பேசப்பட்டதற்கும் இந்த நீர்வழி உறவே அடிப்படை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் வழி மாறியது. ஆனால் வானொலிக்குத் துறைமுகம் வேண்டாம்.

அகில இந்திய வானொலி 1952இல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, இந்தியா முழுதும் ரசிகர்கள் இலங்கை வானொலிப் பக்கம் சாய்ந்தார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை வீடுகளில் கொழும்பு பக்கத்து வீட்டுக்காரர் குரலாகக் கேட்டது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோர் பாட்டை வெறுமனே போட்டுவிட்டு நகரவில்லை. எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், எந்தப் படம், பாடகி எந்த இடத்தில் சொக்க வைக்கிறார் என்று சொல்லிப் போட்டார்கள். திரைப்பாடலைப் பெயர் சொல்லிக் கேட்கும் பழக்கத்தை இந்தக் கரைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். விமர்சனம் என்ற கடுமையான பெயரை அதற்கு யாரும் வைக்கவில்லை. ஆனால் ஒரு கலைப் பத்திரிகையாளர் செய்ய வேண்டிய காரியத்தில் பாதி அது. அந்த உறவும் இனப்போரில் அறுந்தது. கே.எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார்.

இந்த இடத்தில் நாகூர் ஹனீபாவைச் சொல்லாமல் போக முடியாது. ஊர் அடைமொழி நாகூர் என்றாலும் 1925இல் அவர் பிறந்தது ராமநாதபுரம் வெளிப்பட்டினத்தில். கல்யாண வீடு, தர்கா விழா, திராவிட முன்னேற்றக் கழக மாநாடு என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குரல் ஒலித்தது. மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். கோடிக்கணக்கானோர் கேட்ட பாடகரின் குரல் வளத்தை, மேல் ஸ்தாயியில் அவர் நிற்கும் விதத்தை, உருது கவாலியும் தமிழ் மெல்லிசையும் அவரிடம் கலந்த விதத்தை ஆராய்ந்து எழுதிய கச்சேரி விமர்சனங்கள் எத்தனை? சபா விமர்சகருக்கு அவர் பக்திப் பாடகர். அரசியல் நிருபருக்குக் கட்சிப் பாடகர். சினிமா நிருபருக்கு எப்போதாவது பின்னணி பாடியவர். மூன்று பத்திக்கும் நடுவே விழுந்துபோனார். 2015இல் இறந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் பெரும்பாலும் அவர் கலைஞர் கருணாநிதிக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைத்தான் பேசின. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூட்டைப் பார்த்து வளர்ந்த ஒரு கலைப் பத்திரிகையாளர் கையில் அந்த அஞ்சலி வேறு மாதிரி வந்திருக்கும்.

இனி, இந்தச் சீமையில் உண்மையிலேயே ஆண்டுதோறும் பெருங்கூட்டம் கூடும் கலைக்கு வருகிறேன். ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோயில் திருவிழாக் காலத்தில் முதுகுளத்தூர், கமுதி, திருவாடானைப் பக்கத்துக் கிராமங்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும். இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூனும் டான்ஸும் வேறோர் ஊர். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், சத்தங்களையெல்லாம் போட்டுக் கொடுக்கும் ஆல்ரவுண்ட் ஆகியோர் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்க, நடிகர்கள் அன்றிரவுதான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். வள்ளியும் வேலனும் தர்க்கம் செய்யும் காட்சியில் யார் பாட்டுக்கு யார் பதில் பாட்டு எடுக்கிறார்கள் என்பதில்தான் நாடகத்தின் உயிர். ஊரார் தலைக்கட்டு வரி போட்டுச் சேர்த்த பணம். அதனால் ஊரார் எல்லோருமே விமர்சகர்கள்.

அவர்கள் விமர்சனத்தை மேடையிலேயே செய்கிறார்கள். பாட்டு பிடித்தால் நடிகரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். கொடுத்தவர் பெயர் மைக்கில் அறிவிக்கப்படும். பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு அந்த நடிகர் பெயர் நோட்டீஸில் இருக்காது. சமஸ்தானத்துச் சன்மான முறை அப்படியே ஊர்ப் பொதுவுக்கு இறங்கி வந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ராஜா போய்விட்டார், சால்வையின் இலக்கணம் போகவில்லை.

நோட்டீஸ் என்றேன். கலைச் சரித்திரம் எழுத வருகிறவர் முதலில் தேட வேண்டிய காகிதம் அது. நாளும் ஊரும் திருவிழாவும் நாடகத்தின் பெயரும் இருக்கும். யார் எந்த வேடம், எந்த ஊர்க்காரர் என்று இருக்கும். ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார், ஒலி ஒளி யார், உபயம் யார் என்று வரிசையாக இருக்கும். எந்த நடிகைக்குப் பெரிய படம், யாருக்குச் சின்ன எழுத்து என்பதில் அந்த ஆண்டின் சந்தை மதிப்பு அப்படியே தெரியும். பட்டப் பெயர்கள் பல நேரம் பெயரைவிட நீளம். அவற்றை நம்பக் கூடாது, ஆனால் எந்தப் பட்டம் எந்த ஆண்டில் புழக்கத்துக்கு வந்தது என்பதை நம்பலாம். பத்து ஊர் நோட்டீஸை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தால், ஒரு ராஜபார்ட் நடிகர் சித்திரையிலிருந்து ஆடி வரை எத்தனை இரவு நின்றார், எந்த ஸ்திரீபார்ட்டோடு அடிக்கடி ஜோடி சேர்ந்தார், எப்போது அவருக்கு வாய்ப்பு குறைந்தது என்று சொல்லிவிட முடியும். சென்னை சீசனைப் பற்றி இவ்வளவு நுணுக்கமான சந்தைக் கணக்கு எந்த விமர்சனப் பத்தியிலும் கிடைக்காது. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரையை மையமாக வைத்து இந்தக் கலைஞர்களோடு பழகி 2005இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நடிகைகள் சுமக்கும் இழிபெயரையும், நோட்டீஸ் என்ற காகிதத்தையும் அவர் எடுத்துக்கொண்ட அளவுக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் எடுத்துக்கொள்ளவில்லை. நாடகத்தில் ஆபாசம், போலீஸ் அனுமதி மறுப்பு, கோஷ்டி மோதல் என்றால் மட்டும் செய்தி வரும்.

இதற்கு உள்ளூர் நிருபரைக் குற்றம் சொல்வது எளிது, நியாயமில்லை. ராமேஸ்வரத்தில் இருக்கும் பகுதி நேர நிருபர் பெரும்பாலும் அச்சான அளவுக்குக் காசு வாங்கும் ஸ்டிரிங்கர். படகு பிடிபட்டால் முதல் பக்கம். அமைச்சர் அக்னி தீர்த்தத்தில் குளித்தால் படத்தோடு மாவட்டப் பக்கம். விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து, அறுநூறு சொல் எழுதி அனுப்பினால், மதுரைப் பதிப்பு மேஜையில் அது ‘திருவிழாவை முன்னிட்டு நாடகம் நடைபெற்றது, திரளான பொதுமக்கள் கண்டுகளித்தனர்’ என்று இரண்டு வரியாகும். இரண்டு வரிக்கு இரண்டு வரிக் காசு. அடுத்த முறை அவர் தூங்கப் போவார்.

மார்கழியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு மாதம் முழுதும் காலையும் மாலையும் கச்சேரி. நாளிதழ்களில் தனி இணைப்பு. அதே மாதம் உத்தரகோசமங்கையில், ஆண்டு முழுதும் சந்தனக்காப்பில் இருக்கும் மரகத நடராஜருக்கு ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிச் சந்தனம் களைகிறார்கள். அந்த இரவில் ஓதுவார் என்ன பண்ணில் பாடினார், நாகஸ்வரக்காரர் எந்த ராகத்தை எடுத்தார் என்பது கூட்டத்தின் எண்ணிக்கைக்கும் சிறப்புப் பேருந்துகளுக்கும் பின்னால் மறைந்துவிடும். கலை நிருபர் போயிருந்தால் முதல் கேள்வி ராகமாக இருந்திருக்கும். போவது ஆன்மிகப் பக்கத்து நிருபர்.

இந்தக் கரை சினிமாவில் வந்த விதமும் இதே ஓட்டத்தில்தான் இருக்கிறது. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) அகதியாக வந்து கரை சேர்ந்த தாயின் கதையை ராமேஸ்வரத்தோடு இணைத்தது. விமர்சனங்கள் பேசியது இயக்கம், ஒளிப்பதிவு, ஏ.ஆர். ரகுமானின் இசை பற்றி. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ ராமேஸ்வரம், தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையுமே நடிக்க வைத்து எடுக்கப்பட்டது. எழுத்தில் ஷோபாசக்தியின் பங்கு உண்டு. முதலில் தணிக்கைச் சான்று மறுக்கப்பட்டு, 2011இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் போராடி வென்ற படம். சர்ச்சை முழுதும் தணிக்கையைப் பற்றி. படத்தில் நடித்த கரைக்காரர்கள் தங்கள் முகத்தைத் திரையில் எப்படிப் பார்த்தார்கள், அவர்கள் பேசும் கடல்துறைத் தமிழ் எவ்வளவு சரியாக வந்திருக்கிறது, எங்கே நகரத்துக் காதுக்காக நேராக்கப்பட்டது என்பதெல்லாம் பாம்பனில் உட்கார்ந்து பார்க்கிறவர்தான் எழுத முடியும்.

அப்படி ஒருவர் இன்று எழுத வந்தால் அவருக்குச் சபாவின் முதல் வரிசை இருக்கை கிடையாது. அவர் ஆண்டு பங்குனிப் பொங்கலில் தொடங்கும். முளைப்பாரிக் கும்மி, ராமேஸ்வரத்து ஆடித் திருக்கல்யாணம், சந்தனக்கூடு, அரண்மனை நவராத்திரி, ஆருத்ரா என்று போகும். பல இரவுகள் பேருந்து கிடைக்காத ஊர்களில் முடியும். கையில் கச்சேரி நிரலுக்குப் பதில் நோட்டீஸ் கட்டு. சம்பளத்துக்கு அவரும் சுப்புடுவைப் போல வேறோர் உத்தியோகம் பார்க்க வேண்டியிருக்கும். பள்ளி ஆசிரியர் வேலை பொருந்தும், திருவிழாக் காலமும் கோடை விடுமுறையும் ஓரளவு ஒத்துப்போகின்றன. முதல் வேலையாக, பழைய அச்சகங்களில் மிஞ்சியிருக்கும் நோட்டீஸ் மாதிரிகளை வாங்கி வைக்க வேண்டும். ஃபிளெக்ஸ் வந்தபின் அச்சகங்கள் வேகமாக மூடப்படுகின்றன. ஃபிளெக்ஸ் பேனர் திருவிழா முடிந்த மறுநாளே ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிடுகிறது.